கடைவீதியைச் சீரமைப்பது எப்படி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

வளர்ந்துகொண்டிருக்கும் எந்த ஊரிலும் பழைய கடைவீதி ஒன்று இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் நடுவில், நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பூக்காரம்மா, செருப்பு தைப்பவர் எல்லாரும் ஒரே தெருவில். அந்தத் தெருவைச் சீரமைக்கப் பணம் ஒதுங்கியதும் நடக்கிற முதல் கூட்டத்தில் பேச்சு நேராக விளக்குக் கம்பத்துக்கும் டைல்ஸ் நிறத்துக்கும் போய்விடும். அவை இரண்டும் கடைசியில் முடிவு செய்ய வேண்டியவை.

நகராட்சியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர், முதல் தடவை கவுன்சிலர் ஆனவர், வணிகர் சங்கச் செயலாளர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். டிசைன் நன்றாக இருந்தும் வேலை வரிசை மாறியதால் கெட்டுப்போன தெருக்கள்தான் நான் அதிகம் பார்த்தவை. அதனால் ஒவ்வொரு படியிலும் அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நகர அளவைப் பதிவேடும் (டி.எஸ்.எல்.ஆர்.) அந்தத் தெருவின் புல வரைபடங்களும். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து எடுத்த புது சர்வே. அதில் ஒவ்வொரு மரம், மின்கம்பம், மேன்ஹோல், கடைப்படி, ஷட்டரின் அடிமட்டம் வரை இருக்க வேண்டும். குடிநீர், பாதாள சாக்கடை, மின்வாரியம், தொலைபேசி, போக்குவரத்துக் காவல் என ஒவ்வொரு துறையிலும் போன் எடுக்கிற ஒரு ஆள். இவற்றோடு, முடிவு எடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஒரு பொறுப்பாளர். அவர் கமிஷனராகவோ செயற்பொறியாளராகவோ இருக்கலாம், ஆனால் இரண்டு பேராக இருக்கக் கூடாது. குழி வெட்டிய இடத்தில் எதிர்பாராத குழாய் வந்து நிற்கும்போது, அன்று மாலைக்குள் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

1. ரோடு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்

கேட்டால் எல்லாரும் நகராட்சி ரோடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் பெரிய கடைவீதி பல ஊர்களில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும், சில இடங்களில் பாதி அவர்களுடையது, பாதி நகராட்சியுடையது. நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு கெர்ப் கல்லைக்கூட (நடைபாதை விளிம்புக் கல்) நகர்த்த முடியாது.

உரிமை தெளிவானதும் பதிவேட்டில் உள்ள அகலத்தையும் தரையில் உள்ள அகலத்தையும் பத்து பதினைந்து மீட்டருக்கு ஒரு தடவை ஒப்பிட்டுக் குறியுங்கள். காகிதத்தில் 18 மீட்டர், தரையில் 15 மீட்டர் என்று வருவது சாதாரணம். மிச்சம் படிக்கட்டாக, ஷெட்டாக, ஜெனரேட்டராக, பெயர்ப்பலகைத் தூணாக மாறியிருக்கும். இதை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம், டிசைன் முடிந்த பிறகு ஆக்கிரமிப்பை எடுக்கப் போனால் ஒரே ஒரு கடைக்காரர் வாங்கும் தடையாணை மொத்த வேலையையும் நிறுத்திவிடும். முதலிலேயே தெரிந்தால், எதை எடுக்க முடியும், எதை விட்டுவிட்டு வரைய வேண்டும் என்று நிதானமாகப் பிரிக்கலாம்.

2. தெருவில் நின்று எண்ணுங்கள்

காலை 10 மணிக்குப் போய் எண்ணிவிட்டு வருவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. ஆபீஸ் நேரத்துக்கு அது வசதி, தெருவுக்கு அது பொருந்தாது. சாதாரண நாள் ஒன்று, சனிக்கிழமை மாலை, ஒரு முகூர்த்த நாள், முடிந்தால் ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு ஞாயிறு. காலை ஆறு மணிக்கும் ஒரு தடவை போங்கள். காய்கறி இறக்குவது, பால் வண்டி, குப்பை லாரி எல்லாம் அந்த நேரத்து விஷயங்கள்.

எண்ண வேண்டியவை மூன்று. நடப்பவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள், எந்த இடத்தில் இறங்குகிறார்கள். நிற்கும் வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன. இதற்கு அரை மணிக்கு ஒரு தடவை நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்களைக் குறித்துக்கொண்டு போனால் போதும். மூன்றாவது, தெருவை எங்கே குறுக்கே கடக்கிறார்கள்.

இரண்டாவதுதான் பின்னால் கைகொடுக்கும். "பார்க்கிங்கை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும்" என்று சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வார், கட்டாயம் சொல்வார். கடை வாசலில் காலையில் நிறுத்தி இரவு எடுக்கிற வண்டிகளில் பல, கடை முதலாளியுடையதும் ஊழியர்களுடையதும்தான் என்று நம்பர் பட்டியல் காட்டும்போது அந்தப் பேச்சு தானாக வேறு திசைக்குப் போகும். கணக்கு கையில் இல்லாமல் அதே விஷயத்தைச் சொன்னால் சண்டைதான்.

3. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மொத்த வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. அவசரப்படாதீர்கள்.

துறைகள் கொடுக்கும் வரைபடத்தை நம்பி எஸ்டிமேட் போடக் கூடாது. குழாய் போட்டபோது வரைந்தது ஒன்று, போட்ட இடம் வேறொன்று. தரையை ஊடுருவும் ரேடார் வைத்து ஒரு சர்வே எடுங்கள். அப்புறம் அது சரிதானா என்று பார்க்க 50 மீட்டருக்கு ஒரு இடத்தில் கையால் வெட்டிய சோதனைக் குழி போடுங்கள். இயந்திரத்தால் வெட்டினால் தேடிப்போன கேபிளையே அறுத்துவிடும். குழியில் தெரிவதை ஆழம், விட்டம், எந்தப் பொருளில் ஆனது என்று குறித்து, அளவுகோலோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கிடைப்பது இதுதான்: எப்போதோ கைவிட்ட பழைய வார்ப்பிரும்புக் குழாய், அதன்மேல் புதுக் குழாய், வடிகாலுக்குள் புகுந்து போகும் வீட்டு இணைப்பு, ஒரு அடி ஆழத்தில் மின்கேபிள். அதோடு மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாக விட்ட கழிவுநீர். இந்தக் கடைசிச் சங்கதியை மறைத்துக் கட்டினால் புதுத் தெரு முதல் மாதமே நாறும். கழிவுநீர் இணைப்புகளைப் பாதாள சாக்கடைக்கு மாற்றாமல் வடிகாலுக்கு மூடி போடாதீர்கள். ஓட்டல்கள் இருந்தால் எண்ணெய்க் கசடு பிடிக்கும் தொட்டி கட்டச் சொல்லி, கட்டிய பிறகு இணைப்பு கொடுங்கள்.

குழாய்களை எங்கே போடுவது? முடிந்தவரை நடைபாதைக்குக் கீழே. பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு போன்ற தெருக்களைத் திருத்தியபோது செய்தது இதைத்தான்: ஒவ்வொரு சேவைக்கும் நடைபாதைக்குக் கீழே தனி இடம், இடையிடையே திறந்து பார்க்க அறைகள், தார் ரோட்டுக்கு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அகலம். நாளைக்குக் குழாய் உடைந்தால் நாலு பேவர் பிளாக்கை எடுத்துவிட்டு வேலை பார்க்கலாம், ரோட்டை வெட்ட வேண்டாம். குடிநீர்க் குழாய் மட்டும் சாக்கடைக் குழாயை விட்டு நன்றாகத் தள்ளியும் அதைவிட உயரத்திலும் இருக்க வேண்டும்; இடம் இல்லை என்று இரண்டையும் ஒரே பள்ளத்தில் போடச் சம்மதிக்காதீர்கள்.

இரண்டு விஷயங்களை மறக்கவே கூடாது. ஒன்று, தெரு நெடுக இரண்டு மூன்று காலிக் குழாய்களைப் போட்டு வைப்பது, 50 மீட்டருக்கு ஒரு தடவை ரோட்டுக்குக் குறுக்கேயும் ஒன்று. இணையக் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். காலிக் குழாய் இருந்தால் வாடகை வாங்கலாம், இல்லாவிட்டால் புது நடைபாதையை வெட்டுவார்கள். இன்னொன்று, பள்ளம் திறந்திருக்கும்போதே எல்லாக் கடைகளின் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளையும் புதிதாக மாற்றிவிடுவது. மெயின் குழாயை மட்டும் மாற்றி, பழைய இணைப்புகளை அப்படியே ஒட்டவைத்தால் ஆறு மாதத்தில் ஒழுகுவது அந்த ஒட்டில்தான்.

வடிகால், மேன்ஹோல் தூர் வார ஆளை உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் அப்படி இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒப்பந்தக்காரர் "பத்து நிமிஷ வேலை சார்" என்றாலும் இயந்திரம் வரும்வரை காத்திருங்கள்.

4. அகலத்தைக் கடை ஓரத்திலிருந்து பங்கிடுங்கள்

வழக்கமாக நடுவில் கோடு போட்டு, வண்டிக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நடைபாதை என்பார்கள். மிச்சம் ஓரிடத்தில் மூன்று மீட்டர், அடுத்த இடத்தில் அரை மீட்டர். அப்படித் துண்டு துண்டாக இருக்கும் நடைபாதையில் யாரும் நடப்பதில்லை, அப்புறம் "கட்டிக் கொடுத்தாலும் நம்ம ஜனங்க நடக்க மாட்டாங்க" என்ற பேச்சு வேறு.

மாற்றிச் செய்யுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி (ஐ.ஆர்.சி. 103) குடியிருப்புப் பகுதியிலேயே தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் கேட்கிறது, வணிகப் பகுதியில் குறைந்தது 2.5 மீட்டர். தடையில்லாத என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நடுவில் மின்கம்பம் நின்றால் அந்த அகலம் கணக்கில் வராது.

18 மீட்டர் தெருவுக்கு ஒரு கணக்கு. கடைச் சுவரை ஒட்டி அரை மீட்டர். பொருள் பார்க்க நிற்பவர்களும் செருப்பு விடுபவர்களும் எப்படியும் எடுத்துக்கொள்ளும் இடம் அது. அடுத்து நடக்க 2.5 மீட்டர். அப்புறம் கெர்ப் ஓரம் அரை மீட்டர், விளக்குக் கம்பத்துக்கும் பொல்லார்டுக்கும் (வண்டி ஏறாமல் தடுக்கும் குட்டைத் தூண்). ஆக ஒரு பக்கம் 3.5. அதற்கு வெளியே 2 மீட்டரில் ஒரு பலநோக்குப் பட்டை: மரம், வண்டி நிறுத்தம், தள்ளுவண்டி, ஆட்டோ ஸ்டாண்டு, மின்சாரப் பெட்டி, சரக்கு இறக்கும் இடம் எல்லாம் இந்தப் பட்டைக்குள் மாறி மாறி வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 11 மீட்டர் போக வண்டிகளுக்கு 7. இருபுறப் போக்குவரத்துக்கு அது தாராளம்.

12 மீட்டர் தெருவில் இதெல்லாம் நுழையாது. அங்கே ஒருவழிப் பாதையாக்குவதைப் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும்: வண்டிக்கு 3.5, ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர் பட்டை, மிச்சம் ஆறரை மீட்டர் இரண்டு நடைபாதைக்கும். ஒருவழி ஆக்க மாட்டோம், பார்க்கிங்கும் இரண்டு பக்கமும் வேண்டும், நடைபாதையும் வேண்டும் என்றால், அந்தக் கூட்டத்தை அங்கேயே முடித்துவிட்டு வேறு தெருவைப் பார்க்கலாம்.

வண்டித் தடத்தின் அகலம் தெரு முழுக்க ஒன்றாக இருக்கட்டும். அகலம் கூடிய இடத்தில் தடத்தைக் கூட்டினால் மூன்றாவது வரிசை உருவாகி, குறுகும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். கூடுதல் இடம் கிடைத்தால் அது நடைபாதைக்கு.

முன்னுதாரணம் எங்கே என்று மன்றக் கூட்டத்தில் கேட்டால், சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டதையும், தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்ததையும் காட்டுங்கள்.

5. மட்டத்தை மிகத் தாழ்ந்த கடையிலிருந்து எடுங்கள்

தெருவில் எந்தக் கடையின் தரை மிகத் தாழ்வாக இருக்கிறதோ அதுதான் உங்கள் அளவுகோல். நடைபாதை அதற்குக் கீழே இருக்க வேண்டும், நடைபாதைக்குக் கீழே ரோடு, ரோட்டுத் தண்ணீர் விழும் வடிகால் வாய் அதற்கும் கீழே. கெர்ப் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடைபாதை ரோட்டைப் பார்த்து மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரியட்டும். அதைவிடச் சரிந்தால் வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் கஷ்டம், குறைந்தால் தண்ணீர் நிற்கும்.

பழைய தெருக்களில் தார்மேல் தார் போட்டே ரோடு கடைகளைவிட உயர்ந்துபோயிருக்கும். அப்போது நடைபாதையை உயர்த்தித் தப்பிக்கப் பார்ப்பார்கள், அக்டோபரில் கடைக்குள் தண்ணீர். பழைய தாரை மில்லிங் செய்து சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று தமிழக அரசே 2021-ல் அறிவுறுத்தியிருக்கிறது. எஸ்டிமேட்டில் மில்லிங் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், விட்டுப்போகிற ஐட்டங்களில் அது முக்கியமானது.

6. சாலையோர வியாபாரிகளின் இடத்தை வரைபடத்திலேயே போடுங்கள்

"முதலில் காலி பண்ணுவோம், கட்டி முடித்துப் பார்ப்போம்" என்பதுதான் வழக்கம். சட்டமும் அதற்கு இடம் தராது, நடைமுறையிலும் எடுபடாது. 2014-ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். முடிவு எடுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள். இந்தக் குழு உங்கள் ஊரில் காகிதத்தில் மட்டும் இருந்தால், டிசைன் தொடங்கும் முன்னேயே கூட்டச் சொல்லுங்கள்.

நடைமுறைக் காரணம் இன்னும் எளிது. பூ விற்பவர் கோயில் வாசலில் இருப்பது அங்கே பூ விற்கும் என்பதால். அவரைக் கொண்டுபோய் ஒரு வளாகத்தின் இரண்டாம் மாடியில் வைத்தால், போகிற வழியில் வாங்கும் வாடிக்கையாளர் மாடி ஏறமாட்டார். அந்த இடம் காலியானதும் வேறு யாராவது வந்து உட்கார்வார், சில நாளில் பழைய பூக்காரரே திரும்பி வருவார். அதனால் பலநோக்குப் பட்டையில் கோயில், பஸ் நிறுத்தம் பக்கமாக அவர்களுக்கு எண் போட்ட இடங்களை வரையுங்கள். வண்டியின் நீள அகலத்தை அளந்து வரையுங்கள். இளநீர் வண்டிக்கும் இட்லிக் கடைக்கும் ஒரே அளவு ஆகாது. சாப்பாட்டுக் கடைகள் வரும் இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும், கழுவிய நீர் போகும் வாயும் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் மரக்குழியில் போய் விழும், மரம் சாகும்.

7. கடைக்காரர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள்

பெரிய கூட்டத்தில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், பத்து பேர் பார்க்கும்போது எப்படிக் கொடுப்பார்? கடை கடையாக, ஏ3 தாளில் அந்தக் கடையின் முகப்பை மட்டும் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். "அண்ணாச்சி, உங்க படி இங்கே, நடைபாதை இங்கே, சரக்கு வண்டி இந்த இடத்துல நிக்கும்" என்று காட்டினால் அவர் கேட்பது நிஜமான கேள்வியாக இருக்கும்: ஷட்டர் திறக்குமா, போர்டு தெரியுமா, தீபாவளிக்கு முன்னாடி முடியுமா.

சரக்குக்கு நேரம் ஒதுக்குங்கள். காலை 9 மணிக்கு முன், இரவு 9 மணிக்குப் பின் என்பது பல கடைவீதிகளுக்குச் சரியாக வரும். பாத்திரக்கடை, இரும்புக்கடை இருந்தால் பகலிலும் ஒன்றிரண்டு இடம் லோடு ஆட்டோவுக்கு வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் நடைபாதையில்தான் ஏறும்.

பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கலாம், கடைவீதிக்கு வருபவர்களில் பைக்தான் அதிகம். தெருவில் பைக்குக்கு முன்னுரிமை, காருக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு மைதானமோ வளாகமோ. தெருவில் நிற்கும் காருக்குக் கட்டணம் அதிகம், வளாகத்தில் குறைவு. பல ஊர்களில் இது தலைகீழாக இருக்கிறது, வளாகம் காலியாக நிற்கிறது.

8. கட்டும் முன் கயிறு கட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் எஸ்டிமேட்டில் இதற்கென்று ஐட்டம் கிடையாது. பாண்டி பஜாரில் கட்டும் முன் போக்குவரத்தை நிறுத்தி, தடுப்புகள் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டில் 2020 நவம்பர் முதல் சில மாதங்கள் வார இறுதிகளில் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள்.

உங்களுக்கு வேண்டியது பிளாஸ்டிக் கோன், தண்ணீர் நிரப்பும் தடுப்பு, சுண்ணாம்பு, கொஞ்சம் பெயின்ட், நான்கு டிராபிக் வார்டன். புது கெர்ப் வரவேண்டிய கோட்டில் தடுப்பை வைத்து, இரண்டு வாரமாவது ஓடவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா மாதிரி நடத்திப் பாட்டுப் போட்டு போட்டோ எடுத்துவிட்டுப் போவது சோதனை ஆகாது. திங்கட்கிழமை ஸ்கூல் வேன் எங்கே மாட்டுகிறது, டவுன் பஸ் வளைவில் திரும்புகிறதா, தீயணைப்பு வண்டி நுழைகிறதா, இதுதான் தெரிய வேண்டும். தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டியை வரவழைத்து ஒரு தடவை ஓட்டியே பார்த்துவிடுங்கள்.

பக்கத்துத் தெருக்களையும் எண்ணுங்கள். கடைவீதியில் குறைந்த வண்டிகள் அங்கே போய் நின்றால் அங்குள்ள குடியிருப்போர்தான் முதலில் மனு கொடுப்பார்கள். கோன் வைத்த நிலையில் கோட்டை அரை மீட்டர் நகர்த்தச் செலவே இல்லை. கான்கிரீட் போட்ட பிறகு அதற்குத் தனி எஸ்டிமேட், தனி அனுமதி.

9. எஸ்டிமேட்டும் டெண்டரும்

சுருக்கமாகச் சொல்கிறேன். மின்வாரியம் தன் கேபிளைத் தானே மாற்றும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் மாதங்கள் ஆகும். அதனால் டெண்டருக்கு முன்னாலேயே பணத்தைக் கட்டிவிடுங்கள். மண்ணுக்கு அடியில் எதிர்பாராமல் வருபவற்றுக்கு ஒரு தனித் தொகை, சோதனை ஓட்டத்துக்கு ஒரு தொகை, வேலை நடக்கும்போது கடைகளுக்குப் போக வைக்கும் இரும்புப் பலகைகளுக்கும் இரவு விளக்குக்கும் ஒரு தொகை. இவையெல்லாம் தனி ஐட்டமாக இருக்கட்டும். "இதர செலவுகள்" என்று மொத்தமாகப் போட்டால் ஒப்பந்தக்காரர் முதலில் கை வைப்பது அதில்தான்.

வடிகாலுக்கு ஒருவர், நடைபாதைக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர் என்று மூன்று டெண்டராகப் பிரிக்காதீர்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் உடைப்பார், யார் உடைத்தது என்பதற்கு விடையே கிடைக்காது.

10. கட்டும் வரிசை

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். தை மாதம் கல்யாண வியாபாரம் இருக்கும், ஆனாலும் மழை இல்லாத நீண்ட காலம் அதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும், தீபாவளியும் அதை ஒட்டியே வரும். செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு கடைவீதியில் புதிதாக ஒரு பள்ளமும் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டாதீர்கள். 100, 150 மீட்டர் துண்டுகளாக, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். ஒரு துண்டு முழுக்க முடிந்து தரை போட்ட பிறகே அடுத்தது. ஒப்பந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது, எல்லாவற்றையும் வெட்டிப் போட்டால் அளவுப் புத்தகத்தில் சீக்கிரம் ஏற்றிப் பில் போடலாம். கடைக்காரர் நம்பிக்கை முதல் துண்டில்தான் இருக்கிறது, அது நன்றாக முடிந்தால் அடுத்த துண்டுக்காரர்களே "எப்ப சார் எங்க பக்கம்?" என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வரிசை இது: பாதாள சாக்கடை, அப்புறம் மழைநீர் வடிகால், குடிநீர், மின்கேபிள், காலிக் குழாய்கள். ஆழமானது முதலில், மேலோட்டமானது கடைசியில். பிறகு நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவது. ஒரே தடவையில் கொட்டி மூடினால் முதல் மழையில் நடைபாதை அலையாகிவிடும். கெர்ப், மரக்குழி, விளக்கு அடித்தளம், அதன் பிறகு தரை. ரோட்டின் கடைசித் தார் எல்லாவற்றுக்கும் பின்னால்.

மூடும் முன் போட்டோ. ஒவ்வொரு குழாய்க்கும் அதன் ஆழமும், அருகிலுள்ள கடைச் சுவரிலிருந்து தூரமும் எழுதி எடுங்கள். மூடிய பிறகு யார் கேட்டாலும் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

11. தரைக்கு மேலே: அடிக்கடி தவறும் இடங்கள்

பக்கத் தெரு வந்து சேரும் இடத்தில் நடைபாதையை இறக்கி ஏற்றாதீர்கள். நடைபாதை அதே மட்டத்தில் தொடரட்டும், வண்டி ஏறி இறங்கட்டும். நடப்பவருக்கு ஏற்ற இறக்கம் இல்லை, திரும்பும் வண்டியும் தானாக மெதுவாகும். ஐம்பது மீட்டருக்கு ஒரு தடவை படி இறங்கி ஏறச் சொன்னால் முட்டிவலிக்காரர்கள் ரோட்டிலேயே நடப்பார்கள்.

குறுக்கே கடக்கும் இடத்தை, நீங்கள் எண்ணியபோது ஜனங்கள் கடந்த இடத்திலேயே வையுங்கள். நூறு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு நடுவில் இரும்பு வேலி போட்டால் வேலியில்தான் ஓட்டை விழும். கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திக் கட்டுவது நல்லது. இறக்கம் தேவைப்படும் இடங்களில் சரிவு 1:12.

பார்வையற்றோருக்கான டைல்களில் கோடு போட்டது வழி காட்ட, புள்ளி போட்டது எச்சரிக்க. இரண்டையும் அலங்காரமாகக் கலந்து ஒட்டியிருப்பதையும், கோடு நேராகப் போய் மின்சாரப் பெட்டியில் முட்டுவதையும் நிறைய தெருக்களில் பார்க்கலாம். ஒட்டும் மேஸ்திரிக்கு இது எதற்கு என்று ஒரு தடவை விளக்கிச் சொல்லுங்கள், கண்ணைக் கட்டி அவரையே நடக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

பொல்லார்டு இல்லாவிட்டால் நடைபாதை ஒரே வாரத்தில் பைக் ஸ்டாண்டு ஆகிவிடும். ஆனால் நெருக்கி நட்டால் சக்கர நாற்காலி நுழையாது. நுழைவிடங்களில் ஒரு இடைவெளியாவது 1.2 மீட்டர் வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் நுழையும், உண்மைதான். அதற்கு அபராதம்தான் வழி, இன்னொரு தூண் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தரைக்குப் பளபளக்கும் கிரானைட் வேண்டாம். மழையில் வழுக்கும். சொரசொரப்பாகச் சுட்ட கிரானைட் அல்லது பேவர் பிளாக் போதும். நடக்க மட்டும் என்றால் 60 மில்லிமீட்டர், வண்டி ஏறும் இடங்களில் 80.

இருக்கிற மரத்தை வெட்டாமல் வரையுங்கள். கடைவீதியில் நிழல் தருவது அதுதான், புதுக் கன்று நிழல் தர வருஷங்கள் ஆகும். அடிமரம் வரை சிமென்ட் பூசாமல், சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் தெரியட்டும். புதிதாக வைப்பதற்கு வேம்பு, புங்கை, மகிழம் நல்லது. சீக்கிரம் பூக்கிறது என்று குல்மொஹர் வைக்காதீர்கள்; 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் அது போன்ற மரங்கள் எப்படி விழுந்தன என்பது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

விளக்கு ரோட்டுக்குத் தனி, நடைபாதைக்குத் தாழ்வாகத் தனி. ரோட்டு விளக்கு மரத்துக்கு மேலே எரிந்தால் கீழே இருட்டுதான்.

கழிப்பறை. இதை யாரும் வரைவதில்லை. நாலு மணி நேரம் துணி எடுக்க வரும் பெண்களும், நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர்களும் எங்கே போவார்கள்? தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, பராமரிக்க ஆளோடு.

12. ஒப்படைப்பதும் அதற்கு அப்புறமும்

கட்டி முடித்ததும் ஒப்பந்தக்காரரிடம், உள்ளபடி வரைந்த வரைபடத்தை வாங்கிய பிறகே கடைசிப் பில்லை விடுங்கள். விட்ட பிறகு அந்த வரைபடம் வராது. அதைக் குடிநீர், மின்சாரம், சாக்கடை என எல்லாத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

தரையை வெட்ட அனுமதி கேட்டு வருபவர்களுக்கு முதல் கேள்வி, "காலிக் குழாயில் ஏன் போகக் கூடாது?" அதற்குப் பதில் எழுத்தில் வந்தால் மட்டும் அனுமதி, அதுவும் பழையபடி மூடித் தருவதற்கான முன்பணத்தோடு.

பராமரிப்புக்கு ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் தெருவிலேயே எழுதியிருக்க வேண்டும். வடிகால் வாய்களை ஆவணியிலும் புரட்டாசியிலும் ஒவ்வொரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். பொல்லார்டு சாய்ந்தால், பிளாக் பெயர்ந்தால் மூன்று நாளுக்குள் சரிசெய்வது ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (முடித்த வேலையில் வரும் பழுதை ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முழுவதும் ஒப்பந்தக்காரர் வேலை. அது முடியும் தேதியை டைரியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் தெரு முழுக்க நடந்து பட்டியல் எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம், மிஞ்சிய பேவர் பிளாக்கையும் கெர்ப் கல்லையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு லோடாவது வார்டு ஆபீஸ் பின்னால் அடுக்கி வையுங்கள். அடுத்த வருஷம் வாங்கப் போனால் அதே நிறம், அதே அச்சு கிடைப்பது சந்தேகம்.